புது லேப்டாப்பில் மின்ட் போட்டேன், வைஃபைங்கிற வார்த்தையே காணோம்

காவிரிக்கரை | சனி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில எம்சிஏ முதல் வருஷம். போன வாரம்தான் அப்பா புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தாங்க. காலேஜ் லேப்ல எல்லாமே லினக்ஸ், வீட்டுலயும் அதுவே இருக்கட்டும்னு சீனியர் அக்காகிட்ட பென்டிரைவ் வாங்கிப் போட்டேன். லினக்ஸ்லயே ஒரு வகை, லினக்ஸ் மின்ட் 21. அக்கா அதை 2022-ல ரெடி பண்ணி வச்சிருந்தாங்களாம்.

கால் மணி நேரத்துல இன்ஸ்டால் முடிஞ்சுது. சவுண்ட் வருது, டச்பேட் வேலை செய்யுது, வெளிச்சம் கூட்டிக் குறைக்கலாம். வைஃபை மட்டும் இல்ல. பாஸ்வேர்டு தப்புன்னோ கனெக்ட் ஆகலன்னோ எதுவும் சொல்லல. கீழ் மூலையில நெட்வொர்க் ஐகானைத் தொட்டா வைஃபைங்கிற வார்த்தையே வரல. ஏரோபிளேன் மோடு பட்டனையும் நாலஞ்சு தடவை தட்டிட்டேன்.

விண்டோஸை முழுசா அழிச்சுட்டேன், இனி திரும்பவும் போக முடியாது. திங்கக்கிழமை அசைன்மென்ட் வேற. யாராவது உதவி பண்ணுங்க அண்ணா.

நெட்வொர்க்_பாண்டி | சனி, இரவு 9.20

இது ரொம்பச் சாதாரணம் தங்கச்சி. ரியல்டெக் 8821சிஇ சிப்பாத்தான் இருக்கும். 2020-ல எனக்கும் இதேதான் ஆச்சு. அந்த சிப்பை ஓட்டுற புரோகிராம், அதான் டிரைவர், அதோட சோர்ஸ் கோடை கிட்ஹப்ல எடுத்து, டிகேஎம்எஸ் ஸ்கிரிப்டை ஓட்டிட்டு ரீபூட் பண்ணு. பத்து நிமிஷ வேலை. யூடியூப்ல வீடியோவே இருக்கு, அப்படியே பார்த்துப் பார்த்துச் செய்.

காவிரிக்கரை | சனி, இரவு 9.24

நன்றி அண்ணா. ஆனா அதை இறக்க நெட் வேணுமே. நெட் வரணும்னா டிரைவர் வேணும்.

டீக்கடை_பெஞ்ச் | சனி, இரவு 9.26

பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும். லினக்ஸ் உலகத்துக்கு நல்வரவு.

பழைய_பென்டியம் | சனி, இரவு 9.41

அம்மா, அவசரப்பட்டு எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பாண்டி தம்பி சொன்ன சிப்தான் உங்களுடையது என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பது மாதிரி ஆகிவிடும்.

முதலில் நெட்டுக்கு வழி. உங்கள் ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணையுங்கள். ஃபோன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே யூஎஸ்பி டெதரிங் என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். அந்த வழியாக வரும் நெட்டை லினக்ஸ் வயர்டு கனெக்‌ஷனாகத்தான் பார்க்கும், தனி டிரைவர் எதுவும் கேட்காது. ஃபோன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையே கேபிள் வழியாக வந்துவிடும், மொபைல் டேட்டா செலவாகாது.

அடுத்தது டெர்மினலில் மூன்று கட்டளை. வாயால் சொல்கிற மாதிரி எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் சின்ன எழுத்து, கோடு என்றால் கழித்தல் குறி.

எல்எஸ்பிசிஐ -என்என்கே
யூநேம் -ஆர்
ஆர்எஃப்கில் லிஸ்ட்

முதலாவது, மதர்போர்டில் என்னென்ன மாட்டியிருக்கிறது, ஒவ்வொன்றையும் எந்த டிரைவர் ஓட்டுகிறது என்று காட்டும். இரண்டாவது கர்னலின், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் வெர்ஷன். மூன்றாவது, வைஃபையை யாராவது பூட்டி வைத்திருக்கிறார்களா என்று சொல்லும். அதில் சாஃப்ட் பிளாக்டு எஸ் என்று வந்தால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' போட்டால் திறந்துவிடும். ஹார்ட் பிளாக்டு எஸ் என்றால் கீபோர்டிலோ பக்கவாட்டிலோ ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றும் என்ன காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள்.

காவிரிக்கரை | சனி, இரவு 10.05

சார், டெதரிங் பட்டன் மங்கலா இருக்கு, அழுத்தவே முடியல. ஃபோன் சார்ஜ் மட்டும் ஏறுது.

டீக்கடை_பெஞ்ச் | சனி, இரவு 10.08

அந்தக் கேபிள் பஸ் ஸ்டாண்டுல வாங்கினதாம்மா? மெலிசா, வழவழன்னு இருக்குமே? அதுக்குள்ள கரண்டு போற ரெண்டு கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி கிடையாது. ஃபோனோட பாக்ஸ்ல வந்த கேபிளைத் தேடு.

கோயம்புத்தூர்ல லேப்டாப் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். "லினக்ஸ்ல டெதரிங் வரல"ன்னு வர்ற பாதிப் பேருக்கு நான் கேபிளைத்தான் மாத்திக் கொடுத்து அனுப்புறேன்.

காவிரிக்கரை | சனி, இரவு 10.31

பீரோ மேல பழைய பாக்ஸ்ல கிடைச்சுது. போட்டதும் "வயர்டு கனெக்‌ஷன்"னு வந்துட்டு. இப்ப இதை லேப்டாப்புல இருந்துதான் எழுதுறேன்!!

காவிரிக்கரை | சனி, இரவு 11.18

ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டேன், திட்டாதீங்க சார். நெட் வந்த சந்தோஷத்துல பாண்டி அண்ணா சொன்ன வீடியோவைப் பார்த்து அந்த 8821சிஇ டிரைவரைப் போட்டுட்டேன். நடுவுல ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிச்சு, வச்சேன். ரீபூட் பண்ணப்போ நீலக் கலர்ல ஒரு ஸ்கிரீன் வந்துச்சு, ஏதாவது கீயை அழுத்துன்னு போட்டு 10, 9, 8-ன்னு எண்ணிச்சு. பயந்துபோய்த் தொடாம விட்டுட்டேன். அப்புறம் எப்பவும்போல மின்ட் வந்துட்டு. வைஃபை வரல. டிரைவரைக் கைல ஏத்துற மோட்ப்ரோப் கட்டளையைப் போட்டா "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்"ங்குது. எந்தக் கீ? நான் எதையும் அழுத்தலையே!

நீங்க கேட்டது: கர்னல் 5.15. ஆர்எஃப்கில்ல புளூடூத் மட்டும்தான் இருக்கு, ரெண்டு இடத்துலயும் நோ. எல்எஸ்பிசிஐல ஒரு மைல் நீளத்துக்கு வந்துச்சு, அதுல நெட்வொர்க் கன்ட்ரோலர்ங்கிற வரி இதான்: ரியல்டெக், டிவைஸ் பி852, அடைப்புக்குள்ள 10இசி:பி852. அதுக்குக் கீழ சப்சிஸ்டம்னு ஒரு வரி. வேற ஒண்ணும் இல்ல.

நெட்வொர்க்_பாண்டி | சனி, இரவு 11.25

ரியல்டெக்தானே, நான் சொன்னேன்ல. செக்யூர் பூட்தான் பிரச்சினை, அது ஏத்துக்கிட்ட கையெழுத்துச் சாவி இல்லாத டிரைவரை உள்ள விடாது. அந்தச் சாவியைத்தான் கீங்குது, கீபோர்டு கீ இல்ல. பயாஸ்ல போய் அதை ஆஃப் பண்ணிட்டா வந்துடும்.

பழைய_பென்டியம் | ஞாயிறு, காலை 6.10

வராது பாண்டி. நேற்று சீக்கிரம் படுத்துவிட்டேன், இல்லாவிட்டால் இரவே சொல்லியிருப்பேன்.

அந்த 10இசி:பி852-ஐக் கொஞ்சம் பாருங்கள். முன்பாதி கம்பெனியின் எண், 10இசி என்றால் ரியல்டெக். பின்பாதி சிப்பின் எண். 8821சிஇ சிப்புக்கு அது சி821. பி852 என்றால் 8852பிஇ, வைஃபை 6 சிப். அதே கம்பெனியின் வேறு தலைமுறை. பெரியப்பா மகனுக்குத் தைத்த சட்டையை உங்களுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள்.

ஒவ்வொரு டிரைவருக்குள்ளும் தான் ஓட்டக்கூடிய சிப் எண்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. மெஷின் ஏறும்போது கர்னல், போர்டில் உள்ள எண்ணை அந்தப் பட்டியல்களோடு ஒத்துப்பார்க்கிறது. ஒத்தால் டிரைவர் ஒட்டிக்கொள்ளும், எல்எஸ்பிசிஐயில் "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று ஒரு வரி வரும். உங்களுக்கு அந்த வரியே இல்லை. 8821சிஇ டிரைவரை நூறு தரம் ஏற்றினாலும் அதன் பட்டியலில் பி852 கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும். செக்யூர் பூட்டை அணைத்தால் அந்தப் பிழைச் செய்தி போகும், வைஃபை வராது.

உங்கள் சிப்புக்கான டிரைவர் ஆர்டிடபிள்யூ89 குடும்பத்தைச் சேர்ந்தது. 8852பிஇ அந்தக் குடும்பத்தில் சேர்ந்தது கர்னல் 6.2-இல். உங்களிடம் இருப்பது 5.15, அது 2021 அக்டோபரில் வந்த கர்னல். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சிப் மேல் குற்றம் இல்லை, மின்ட் மேலும் இல்லை. பென்டிரைவ் உங்கள் லேப்டாப்பைவிட மூத்தது, அவ்வளவுதான்.

ஆக இரண்டு வழி. மின்ட் 22-ஐப் புதிதாக இறக்கிப் போடலாம், அதில் 6.8 கர்னல். அல்லது இருப்பதிலேயே கர்னலை மட்டும் மாற்றலாம். நேற்றுதான் போட்டீர்கள், உள்ளே எதுவும் சேர்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் முதல் வழியே எனக்குப் பிடித்தது.

காவிரிக்கரை | ஞாயிறு, காலை 7.02

சார், அசைன்மென்ட்டுக்கு ஜாவா, மைஎஸ்க்யூஎல் எல்லாம் ராத்திரியே போட்டு செட் பண்ணிட்டேன். ரெண்டாவது வழி சொல்லுங்க.

(கர்னலை மாத்தணும்னு வீட்டுல சொன்னேன். "எந்தக் கர்னல்? மிலிட்டரியா?"ன்னு அப்பா கேக்குறாங்க.)

பழைய_பென்டியம் | ஞாயிறு, காலை 7.15

சரி. டெதரிங் ஆனில் இருக்கட்டும். அப்டேட் மேனேஜரைத் திறந்து முதலில் வந்திருக்கும் அப்டேட் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். ஃபர்ம்வேர் பேக்கேஜும் அதில் புதிதாகிவிடும். பிறகு மேலே வியூ மெனு, அதில் லினக்ஸ் கர்னல்ஸ். இடது பக்கம் 5.15-இலிருந்து 6.8 வரை இருக்கும். 6.8-ஐத் தொட்டு இன்ஸ்டால் கொடுங்கள், ரீபூட் செய்யுங்கள். பழைய கர்னல் அழியாது. ஏதாவது ஆனால், மெஷின் ஏறும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழையதிலேயே ஏறிக்கொள்ளலாம்.

இந்தக் கர்னல், மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டுவின் கையெழுத்தோடு வருவது. செக்யூர் பூட் ஆனிலேயே இருக்கலாம்.

நள்ளிரவு_கம்பைல் | ஞாயிறு, காலை 8.40

ஃபர்ம்வேர் பேச்சு வந்ததால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். டிரைவரும் ஃபர்ம்வேரும் ஒன்று என்று நினைத்துத்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். டிரைவர் கர்னலுக்குள் இருப்பது. ஃபர்ம்வேர் சிப்புக்குள் ஓட வேண்டிய புரோகிராம். இந்த சிப்களுக்கு நிரந்தர நினைவு கிடையாது, கரண்டு போனால் எல்லாம் மறந்துபோகும். ஒவ்வொரு முறை மெஷின் ஏறும்போதும் டிரைவர்தான் லிப் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் ஃபோல்டரிலிருந்து அந்தக் கோப்பை எடுத்துச் சிப்புக்கு ஊட்ட வேண்டும்.

அதனால் டிரைவர் இருந்தும் ஃபர்ம்வேர் இல்லாமல் தவிக்கும் மெஷின் உண்டு. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் "ஃபெயில்டு வித் எரர் -2" என்று வரும். -2 என்றால் கோப்பையே காணோம் என்று அர்த்தம். ஆனால் இன்டெல் கார்டில் இதைப் பார்த்தவுடன் பதறக் கூடாது. அந்த டிரைவர் புதிய ஃபர்ம்வேரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கித் தேடும். நாலு தடவை -2 வந்து ஐந்தாவதில் கிடைத்தாலும் வைஃபை நன்றாகவே ஓடும்.

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ்காரர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். சுதந்திர மென்பொருள் அல்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்க மாட்டோம் என்று வருஷக்கணக்கில் இருந்தார்கள். 2022-இல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து சேர்த்துக்கொண்டார்கள். அதிலும் வேடிக்கை பாருங்கள், டெபியன் 12-இன் கர்னல் 6.1. இந்தத் தங்கையின் சிப்புக்கு 6.2 வேண்டும். ஃபர்ம்வேர் தகராறு தீர்ந்த இடத்தில் டிரைவர் இல்லை. புதிய பேக்கேஜ்களைத் தனியாக வைத்திருக்கும் பேக்போர்ட்ஸில் போய்ப் புதிய கர்னல் எடுக்க வேண்டும்.

டீக்கடை_பெஞ்ச் | ஞாயிறு, காலை 9.05

பென்டியம் அய்யா காலத்துல இதெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்களேன். ஞாயித்துக்கிழமை, கடையில கூட்டம் இல்ல.

பழைய_பென்டியம் | ஞாயிறு, காலை 9.50

கேட்டுவிட்டாய், சொல்லாமல் விடமாட்டேன்.

2008 வாக்கில் என்னிடம் இருந்த லேப்டாப்பில் பிராட்காம் 4312. அதற்கு என்டிஐஎஸ்ராப்பர் என்று ஒன்று வைத்திருந்தோம். விண்டோஸ் டிரைவரையே எடுத்து லினக்ஸுக்குள் ஓட்டும் வித்தை. மாமியார் வீட்டு அம்மியில் நம் வீட்டு மிளகாய் அரைப்பது போல. ஓடும், திடீரென்று மெஷின் உறைந்து நிற்கும்.

பிறகு பி43 டிரைவர் கர்னலிலேயே வந்தது. பிராட்காம் சிப் எப்படி இயங்குகிறது என்று சொல்லும் ஆவணமே இல்லாமல், ஒரு குழு அதைத் தலைகீழாகப் பிரித்துப் படித்து விவரத்தை எழுதியது, இன்னொரு குழு அந்த விவரத்தை மட்டும் வைத்து டிரைவர் எழுதியது. டிரைவர் வந்ததே தவிர ஃபர்ம்வேரைப் பகிர உரிமை இல்லை. அதனால் கம்பெனியின் பழைய டிரைவர் கோப்பை நாமே இறக்கி, ஃபர்ம்வேர் கட்டர் என்ற கருவியால் அதற்குள்ளிருந்து ஃபர்ம்வேரை வெட்டி எடுக்க வேண்டும். பலாப்பழத்துக்குள் கைவிட்டுச் சுளை எடுப்பது மாதிரி.

அதற்கு நெட் வேண்டுமே! பஸ் ஏறி பிரவுசிங் சென்டர். மணிக்கு 20 ரூபாய். பென்டிரைவில் இறக்கி வீட்டுக்கு வந்தால் அந்த ஃபர்ம்வேர் ஓட இன்னொரு பேக்கேஜ் கேட்கும். திரும்பவும் பஸ். ஒரு வைஃபைக்கு மூன்று நாள் அலைந்திருக்கிறேன். மூன்றாம் நாள் அந்தக் கடைக்காரர், "சார், பேசாம ஒரு லேன் ஒயர் வாங்கிக்கோங்க" என்றார்.

2010-இல் பிராட்காமே தன் புதிய சிப்களுக்குத் திறந்த மூலத்தில் டிரைவர் கொடுத்தது. ஆனாலும் இன்றுவரை சில பிராட்காம் சிப்களுக்கு மூடிய டிரைவர்தான். 2013, 2014 மேக்புக் ஏரில் இருக்கும் 4360 அந்த ரகம். அந்த மெஷின்களுக்கு ஒரு நல்ல செய்தி: மின்ட் இன்ஸ்டால் பென்டிரைவுக்குள்ளேயே அந்த டிரைவர் இருக்கிறது. பென்டிரைவைச் செருகிவிட்டு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் நெட் இல்லாமலே போட்டுக்கொள்ளலாம்.

வல்லைவெளி | ஞாயிறு, காலை 10.22

வணக்கம். இந்த இழைக்குள்ள தலையை ஓட்டுறதுக்கு மன்னிக்கோணும். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். என்ர பிரச்சினை வேற மாதிரி. லப்டொப்பில வைஃபை வேலை செய்யுது, அக்கம்பக்கத்து ரவுட்டர் எல்லாம் தெரியுது. எங்கட வீட்டு ரவுட்டர் மட்டும் தெரியேல்லை. போனில நல்லாத் தெரியுது. முந்தி விண்டோஸ் இருக்கேக்க இதே லப்டொப்பிலயும் தெரிஞ்சது. ரவுட்டருக்குப் பக்கத்தில கொண்டுபோய் வச்சும் பாத்திட்டன். உபுண்டு 24.04, போன மாசம் போட்டனான்.

நள்ளிரவு_கம்பைல் | ஞாயிறு, காலை 10.30

உங்கள் ரவுட்டர் எந்தச் சானலில் இருக்கிறது என்று பாருங்கள். 12 அல்லது 13 என்றால் விடை கிடைத்தது. லேப்டாப்பில் 'ஐடபிள்யூ ரெக் கெட்' போட்டால் நாட்டுக் குறியீடு வரும், அதையும் சொல்லுங்கள்.

வல்லைவெளி | ஞாயிறு, காலை 10.47

அட, 13 தான்! ஓட்டோவில விட்டிருந்தனான், அது தானாப் போய் 13-இல இருந்திருக்கு. லப்டொப்பில நாடு எண்டு யூஎஸ் காட்டுது. நான் ஒருநாளும் அமெரிக்கா போனதில்லை.

நள்ளிரவு_கம்பைல் | ஞாயிறு, காலை 11.00

உங்கள் லேப்டாப் போயிருக்கிறது போலிருக்கிறது. எந்த நாட்டில் எந்த அலைவரிசை அனுமதி என்ற பட்டியலை லினக்ஸ் கறாராகக் கடைப்பிடிக்கும். அமெரிக்காவுக்கு அதில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 11 சானல்தான். இலங்கையிலும் இந்தியாவிலும் 13. உங்கள் கார்டு தன்னை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு 12, 13 பக்கம் காதே கொடுப்பதில்லை.

'சூடோ ஐடபிள்யூ ரெக் செட்' போட்டுக் கடைசியில் எல்கே கொடுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் ஐஎன். அந்த இரண்டு எழுத்து மட்டும் பெரிய எழுத்து. இன்டெல் கார்டு என்றால் இது எடுபடாது, அது நாட்டைத் தானாகத்தான் முடிவு செய்யும். எந்தக் கார்டாக இருந்தாலும் எளிய வைத்தியம், ரவுட்டரை 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்துவது.

வல்லைவெளி | ஞாயிறு, காலை 11.15

ரவுட்டரை 6-க்கு மாத்தினன், உடன வந்திட்டுது. ஒரு மாசமா போன் ஹொட்ஸ்பொட்டில காசைக் கரைச்சுக்கொண்டு இருந்தனான். நன்றி தம்பி.

காவிரிக்கரை | ஞாயிறு, காலை 11.40

சார், 6.8 இன்ஸ்டால் பாதியில நின்னுட்டு. கடைசி வரிகள்ல "பேட் எக்ஸிட் ஸ்டேட்டஸ்", டிகேஎம்எஸ், 8821சிஇ-ன்னு வருது. இப்ப எந்த பேக்கேஜ் போட்டாலும் இதே எரர். ரீபூட் பண்ணவே பயமா இருக்கு.

பழைய_பென்டியம் | ஞாயிறு, மதியம் 12.05

ரீபூட் செய்யாதீர்கள். பயப்படவும் வேண்டாம்.

நேற்றிரவு போட்ட அந்த டிரைவரின் வேலைதான் இது. டிகேஎம்எஸ்ஸின் குணமே அதுதான்: ஒரு டிரைவரை அதனிடம் ஒப்படைத்தால், புதிய கர்னல் வரும்போதெல்லாம் அதற்கு ஏற்ற மாதிரி அந்த டிரைவரை மறுபடி கம்பைல் செய்யும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீங்கள் பார்த்தது பழைய வீடியோ, அந்த சோர்ஸும் பழையது, 6.8-இல் கம்பைல் ஆகாது. ஆகாததால் கர்னல் இன்ஸ்டாலையே நிறுத்திவிட்டது. உங்களுக்குத் தேவையே இல்லாத டிரைவர் ஒன்று வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டிருக்கிறது.

'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' போடுங்கள். பெயரும் வெர்ஷனும் வரும். பிறகு 'சூடோ டிகேஎம்எஸ் ரிமூவ்', ஒரு ஸ்பேஸ், அந்தப் பெயர், சாய்கோடு, வெர்ஷன், ஸ்பேஸ், இரண்டு கோடு போட்டு ஆல். வெர்ஷனை எழுத்துப் பிசகாமல் அப்படியே காப்பி செய்யுங்கள். அது முடிந்ததும் 'சூடோ டிபிகேஜி', ஸ்பேஸ், இரண்டு கோடு கான்ஃபிகர், ஸ்பேஸ், ஒரு கோடு ஏ. பாதியில் நின்றது தொடர்ந்து முடியும்.

இன்னொன்று. அந்த வீடியோவில் பிளாக்லிஸ்ட் என்று, அதாவது இன்ன டிரைவரை ஏற்றாதே என்று, ஏதாவது எழுதச் சொன்னார்களா? ஈடிசிக்குள் மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் பாருங்கள்.

காவிரிக்கரை | ஞாயிறு, மதியம் 12.38

ஆமா சார், அந்த ஃபோல்டர்ல ஒரு கோப்பு, உள்ள ஒரே வரி. அழிச்சுட்டேன். டிகேஎம்எஸ் ரிமூவ் ஆச்சு. கான்ஃபிகர் ஓடி முடிஞ்சுது, எரர் இல்ல. ரீபூட் பண்றேன். சாமி கும்பிட்டுக்கோங்க.

காவிரிக்கரை | ஞாயிறு, மதியம் 12.44

வந்துருச்சு!!!! ஏறி முடிக்கும்போதே மூலையில அந்த விசிறி மாதிரி ஐகான். எங்க வீடு, மாடி வீடு, எதிர்த்த ஸ்டோர் எல்லாம் லிஸ்ட்ல இருக்கு. எல்எஸ்பிசிஐல இப்ப "கர்னல் டிரைவர் இன் யூஸ்: ஆர்டிடபிள்யூ89_8852பிஇ"ன்னு அந்த வரியும் வந்துட்டு. 5 கிகாஹெர்ட்ஸும் தெரியுது. ரொம்ப ரொம்ப நன்றி சார்.

நெட்வொர்க்_பாண்டி | ஞாயிறு, மதியம் 1.10

சந்தோஷம் தங்கச்சி. நான்தான் அவசரப்பட்டுட்டேன், மன்னிச்சுக்கோ. ஒரு பேச்சுக்குக் கேக்குறேன், நான் 2020-ல 8821சிஇக்கு அதைத்தானே செஞ்சேன், எனக்கு வந்துச்சே?

பழைய_பென்டியம் | ஞாயிறு, மதியம் 1.30

அன்றைக்கு நீ செய்தது சரி பாண்டி. 2020 ஏப்ரலில் வந்த உபுண்டு 20.04-இல் கர்னல் 5.4. 8821சிஇ கர்னலுக்குள் சேர்ந்தது 5.9-இல். அதனால் வெளியிலிருந்துதான் எடுத்தாக வேண்டியிருந்தது. இன்றைக்கு அதே சிப்புக்கும் அந்த வித்தை தேவையில்லை, கர்னலிலேயே இருக்கிறது. இணையத்தில் அந்தக் குறிப்புகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன, அதுதான் தொல்லை. வைஃபை விஷயத்தில் தேதி போடாத குறிப்பை நான் தொடுவதே இல்லை.

நெட்வொர்க்_பாண்டி | ஞாயிறு, மதியம் 1.36

அப்ப என் லேப்டாப்புல அந்த டிகேஎம்எஸ்ஸை எடுத்துட்டுக் கர்னல்ல இருக்கிறதையே ஓட்டலாமா? ஆனா ஒண்ணு, நண்பன் ஒருத்தன் அப்படி மாத்தினதும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கட் ஆகுதுங்கிறான்.

நள்ளிரவு_கம்பைல் | ஞாயிறு, மதியம் 2.15

ஓட்டலாம். கட் ஆவது பெரும்பாலும் மின்சேமிப்பால். இரண்டு இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, நெட்வொர்க் மேனேஜரின் கான்ஃப்.டி ஃபோல்டரில் பவர்சேவ் என்று பெயரில் வரும் கோப்பு. அதில் வைஃபை.பவர்சேவ் = 3 என்று இருக்கும். 3 என்றால் மின்சேமிப்பு ஆன், 2 என்றால் ஆஃப். 2 ஆக்கிவிட்டு நெட்வொர்க் மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யட்டும். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் பிசிஐ பக்கத்து மின்சேமிப்பு. மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் ஒரு கோப்பு வைத்து, 'ஆப்ஷன்ஸ் ஆர்டிடபிள்யூ88_பிசிஐ டிஸேபிள்_ஏஎஸ்பிஎம்=1' என்று ஒரு வரி எழுதி ரீபூட். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம், எது கேட்டது என்று தெரியாமல் போகும்.

டீக்கடை_பெஞ்ச் | ஞாயிறு, மாலை 4.20

என் பங்குக்கு ரெண்டு வார்த்தை, இது சாஃப்ட்வேர் ஆளுங்க சொல்ல மாட்டாங்க.

ரெட்டை பூட், அதாவது ஒரே மெஷின்ல விண்டோஸும் லினக்ஸும் வச்சிருக்கிறவங்க, விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைச்சிருங்க. அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசா அணையாது, பாதித் தூக்கத்துல போயிடும். வைஃபை கார்டும் அதே மயக்கத்துல கிடக்கும், லினக்ஸ் போய் எழுப்பினா எழுந்திருக்காது. "நேத்து வந்துச்சு, இன்னிக்கு வரல"ன்னு வர்ற கேஸ்ல நான் முதல்ல கேக்குறதே இதான். சார்ஜரைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனை 30 செகண்டு அழுத்திப் பிடிச்சு மொத்தமா அணைச்சு ஏத்தினா பாதி நேரம் கார்டு உயிரோட வந்துடும்.

எதுவுமே கேக்கலன்னா கார்டையே மாத்திடலாம். இன்டெல் ஏஎக்ஸ்210 தனிக் கார்டா கிடைக்குது, லினக்ஸ்ல போட்டவுடனே ஓடும், கர்னல் மட்டும் 5.10 இல்லன்னா அதுக்கு மேல இருக்கணும். ஆனா ஏஎக்ஸ்201-ன்னு கொடுத்தா வாங்காதீங்க. பார்க்க ரெண்டும் ஒரே அச்சு. 201-க்குப் பாதி மூளை இன்டெல் பிராசஸர் பக்கத்துல இருக்கும், ஏஎம்டி லேப்டாப்புல போட்டா செத்த மாதிரி கிடக்கும். விலை கம்மின்னு வாங்கிட்டு வந்து என் கடை பெஞ்சுல உக்காந்தவங்க உண்டு. சில கம்பெனி பழைய லேப்டாப்புல பயாஸே வேற கார்டை ஏத்துக்காது, அதையும் விசாரிச்சுட்டு வாங்குங்க.

மாத்தும்போது முதல்ல பேட்டரி கனெக்டரைக் கழட்டணும். கார்டு மேல ரெண்டு ஆன்டெனா ஒயர் இருக்கும், கறுப்பு ஒண்ணு வெள்ளை ஒண்ணு, நுனியில கடுகு சைஸ்ல தங்கக் கலர்ல ஒரு வட்டம். எடுக்கும்போது ஒயரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, நகத்தை அடியில கொடுத்து நேர் மேல தூக்கணும். திரும்பப் போடும்போது வட்டத்துக்கு நேரா வச்சு, விரல் நுனியால மெதுவா. "டிக்"குன்னு ஒரு சின்ன சத்தம் வரும். சத்தம் வராம அழுத்தினா நெளிஞ்சுடும், நெளிஞ்சா அந்தக் கார்டை ரவுட்டர் மேலயே வச்சாலும் ஒரு கோடுதான் காட்டும். இருபது வருஷமா இந்த வேலை பாக்குறேன், இன்னிக்கும் அந்த டிக் வர்ற வரைக்கும் மூச்சு விட மாட்டேன்.

காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 8.50

அசைன்மென்ட் முடிச்சு அனுப்பிட்டேன். புளூடூத்ல இயர்ஃபோனும் சேர்ந்துட்டு.

சீனியர் அக்காகிட்டயும் சொல்லிட்டேன், அந்த பென்டிரைவ்ல இப்ப மின்ட் 22 இறக்கிட்டு இருக்காங்க. இந்த மாசம் இன்னும் நாலு பேருக்குக் கொடுக்கணுமாம்.

டீக்கடை_பெஞ்ச் | ஞாயிறு, இரவு 8.58

சபாஷ். அந்த பஸ் ஸ்டாண்டு கேபிளை என்ன பண்ணின?

காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 9.03

தம்பி எடுத்துட்டான் அண்ணா. இப்ப அவன் ஃபோன்ல இருந்து போட்டோ ஏற மாட்டேங்குதுன்னு அழுதுட்டு இருக்கான்.